குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் தலைமேல் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சீராக வந்தது. பத்து வருஷம் பரணில் கிடந்துவிட்டு இப்போது கீழே இறங்கியிருக்கிறது. அதன்மேல் நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிற ஐந்து பிளாஸ்டிக் பொம்மைகள், எலும்புக்கூட்டு வீரர்கள், வாளும் கேடயமுமாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் கட்டைவிரலின் மேல்கணு உயரம்தான். பக்கத்தில் இரண்டு பிரஷ், ஒரு டம்ளர், ஒரு டிஃபன் டப்பா, ஒரு துண்டுச் சீட்டு. "உனக்கு மட்டும் இதுக்கெல்லாம் எப்படி நேரம் கிடைக்குது?" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் தாம்பாளத்தைத்தான் காட்டுவேன். கேட்பவர்களில் பாதிப்பேர் நிஜமாகவே வழி கேட்கிறார்கள். மீதிப்பேர், வீட்டில் உனக்கு வேலையே இல்லையா என்பதை நாகரிகமாகக் கேட்கிறார்கள். முதல் பாதிக்காக இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். பெண்ணுக்குப் பதினொரு வயது, பையனுக்கு ஐந்து. கூடவே அத்தையும் இருக்கிறார்கள். என் தம்பி வேலை பார்ப்பது இங்கிலாந்தில், நாட்டிங்காமில். குட்டிப் போர்வீரர் பொம்மைகளை வைத்து ஆடும் வார்ஹாமர் விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் தலைமையகம் இருக்கிற ஊர் அது. ஒரு லீவுக்கு வந்தபோது பெண்ணுக்கு என்று ஒரு பெட்டி மினியேச்சர் வாங்கி வந்தான். அவளுக்கு அப்போது ஆறு வயது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி என் கைக்கு வந்தது. இந்தக் குட்டிப் பொம்மை உலகத்தில் அந்த அளவை 28 மில்லிமீட்டர் என்பார்கள், பாதத்திலிருந்து கண் வரைக்கும் அளந்து. அந்த உயரத்துக்குள் விலா எலும்பை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருந்தார்கள். அன்றைக்கு மாட்டியதுதான்.

முதல் பத்து வீரர்களை முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. இரண்டாவது பத்துக்கு ஒன்பது வாரம். நடுவில் என் கை வேகம் பெரிதாகக் கூடிவிடவில்லை. ஒரே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

எனக்கு எதையும் எக்செல்லில் போடும் வியாதி உண்டு. நான்கு வாரம், பெயிண்ட் அடிக்க உட்கார்ந்த ஒவ்வொரு நாளும் எந்த நிமிஷம் எதில் போனது என்று குறித்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன் என்று நான் நம்பிய நாளில், பிரஷ் பொம்மையைத் தொட்ட நேரம் 26 நிமிஷம். மிச்சமெல்லாம் பீரோ மேலிருந்து பெட்டியை இறக்குவது, பேப்பர் விரிப்பது, மூடி இறுகிப்போன பாட்டிலோடு மல்லுக்கட்டுவது, போன தடவை எங்கே விட்டேன் என்று யோசிப்பது, கடைசியில் எல்லாவற்றையும் பையனுக்கு எட்டாத இடத்தில் திருப்பி அடுக்குவது. இப்படி எடுத்து வைக்கவே அரை மணி நேரம் வேண்டும் என்றால், இருபது நிமிஷம் சும்மா கிடைக்கிற நாளில் யாரும் உட்கார மாட்டார்கள். 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்' என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்காவது காதுகுத்து வரும்.

அதனால் தாம்பாளம். அடுத்த வேலைக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்கும். பெயிண்ட் மொத்தமும் அல்ல, அன்றைக்குத் தேவையான மூன்று பாட்டில். தாம்பாளத்தை இறக்கினால் வேலை தொடங்கிவிட்டது, தூக்கி வைத்தால் முடிந்துவிட்டது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகாது. விளிம்பு உயர்ந்திருப்பதால் டம்ளர் சாய்ந்தாலும் தண்ணீர் மேஜைக்குப் போகாது. உங்கள் வீட்டில் தாம்பாளம் இல்லையென்றால் டீ டிரே போதும். தனி அறை, தனி மேஜை என்று காத்திருக்காதீர்கள். அது கிடைக்கும்போது பேரப்பிள்ளை வந்துவிடும்.

இரண்டாவது விஷயம், காய்கிற நேரம். இந்தப் பெயிண்ட் எல்லாம் அக்ரிலிக், தண்ணீரில் கரைவது. மெல்லிசாகப் பூசினால் எங்கள் ஊர் வெயில் காலத்தில் ஐந்து நிமிஷத்தில் அடுத்த கோட்டுக்குத் தயார். வாஷ் என்று ஒன்று இருக்கிறது, நீர்த்த கரும்பழுப்பு. பள்ளங்களில் ஓடித் தேங்கி நிழல் மாதிரி நின்றுவிடும். அது காய அரை மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டு அதன்மேல் பிரஷ் வைத்தால் திட்டுத் திட்டாக உரிந்து வரும். முதலில் இந்தக் காத்திருப்பை நான் மேஜையிலேயே உட்கார்ந்து, ஃபோனைத் தடவிக்கொண்டு கழித்தேன். வீட்டு வேலை அந்தப்பக்கம் அப்படியே நின்றது. பிறகுதான் புத்தி வந்தது: பொம்மை காய்கிற நேரத்துக்கு வீட்டு வேலையை வைத்தால் இரண்டும் ஓடும்.

இப்போது இப்படிப் போகும். அரிசி பருப்பு களைந்து குக்கரில் வைத்து அடுப்பைப் பற்றவைப்பேன். மூன்று விசில் வருவதற்குள் ஐந்து வீரர்களுக்கும் கேடயத்தில் ஒரு கோட். விசில் வந்ததும் எழுந்துபோய் அணைத்து, தாளித்து, ரசம் கூட்டி வருவதற்குள் கேடயம் காய்ந்திருக்கும். இரண்டாவது கோட். வாஷ் போடுவது எப்போதும் கடைசி வேலை: போட்டுவிட்டு, சாப்பாடு போட உட்கார்ந்துவிடுவேன். பாத்திரம் கழுவி வரும்போது ட்ரைபிரஷ்ஷுக்கு, அதாவது கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் மேலே வெளிர் நிறம் தேய்ப்பதற்கு, தயாராக இருக்கும். இல்லை, அன்றைக்குத் தூக்கம் வந்துவிட்டால், நாளைக்குத் தயாராக இருக்கும். அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ஓடிக்கொண்டே செய்ய முடிகிறது என்பதால்தான் இந்தப் பொழுதுபோக்கு எனக்கு ஒத்துவந்தது. வீணை கற்றுக்கொள்ளப் போயிருந்தால் இது நடக்காது.

ஆனால் எல்லா வேலையையும் எல்லா நேரத்திலும் செய்ய முடியாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு அவமானம் தேவைப்பட்டது. யாரோ சொன்னார்கள் என்று காலை நாலரை மணிக்கு எழுந்து பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தேன். பதினோரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் அலுவலகத்தில் ஒரு கிளையன்ட்டின் விற்பனையை வேறொருவர் கணக்கில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் தேடினேன். தூக்கத்தைத் திருடி எடுத்த நேரத்துக்கு வேறு எங்கோ வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. அதோடு விட்டேன்.

இப்போது வேலைகளை அலுப்பின் அளவை வைத்துப் பிரித்து வைத்திருக்கிறேன். ரொம்ப அலுப்பான நாளில், கண்ணை மூடினாலும் தவறு நேராத வேலை: பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து உறுப்புகளை வெட்டி எடுப்பது, அச்சில் வார்த்தபோது விழுந்த அச்சுக்கோட்டைத் தேய்ப்பது, பொம்மை நிற்கிற அடித்தட்டில் மணல் ஒட்டுவது. பாதி அலுப்பில் பேஸ்கோட், அதாவது முதல் நிறப்பூச்சு. இதை அத்தை சீரியல் பார்க்கிற நேரத்தில் ஹாலில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே செய்வேன். வசனம் காதில் விழும், கை தன்பாட்டுக்கு ஓடும். நடுவில் "அந்தப் பொண்ணு யாரு அத்தை?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அவர்களுக்கும் ஆள் துணையாக இருக்கும். மூளை தெளிவாக இருக்கிற நேரம் மாதத்தில் கொஞ்சம்தான். அது கண்ணுக்கும், வாள் விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு இழுப்பதற்கும், முகத்துக்கும். ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழரை வரை, வீடு எழுவதற்கு முன் எனக்கு அது கிடைக்கிறது. கண்ணை ஒருபோதும் ராத்திரி பதினோரு மணிக்கு வரையாதீர்கள். நான் அப்படி வரைந்த மூன்று பேருக்கு மாறுகண்.

மாதக் கணக்கும் உண்டு. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள். இந்தத் தேதிகளைச் சுற்றி என் தலை என்னுடையது இல்லை. முதல் இருபது நாளுக்கு அலுப்பு வேலைகளை மட்டும் ஒதுக்கிவிடுவேன். 21ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் நுணுக்க வேலை. ஜூலையும் செப்டம்பரும் ரிட்டர்ன், ஆடிட் சீசன். அந்த இரண்டு மாதத்தில் ஒரு பொம்மை முடிந்தாலே லாபம் என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். இந்த ஏற்பாட்டுக்கு முன்னால், செப்டம்பரில் தாம்பாளத்தைப் பார்க்கிறபோதெல்லாம் ஒரு குற்ற உணர்ச்சி வரும். இப்போது வருவதில்லை. உங்களுக்கு வேறு தொழிலாக இருக்கும், அதற்கும் ஒரு 20ஆம் தேதி இருக்கும். அதைக் கண்டுபிடியுங்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தையும் கொஞ்சம் பயன்படுத்துகிறேன். கைப்பையில் கத்தி கொண்டுபோக முடியாது. நகம் தேய்க்கும் அட்டை அரம் போதும், அச்சுக்கோடு போய்விடும். ஒரு சின்னக் குங்குமச் சிமிழில் ஒரு உடம்பும் இரண்டு கையும். பதினைந்து நிமிஷத்தில் ஒரு ஆள் சுத்தம். சீனியர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருடைய எலும்பும்மா இது?" என்றார். "ரிட்டர்ன் லேட்டாகக் கொடுத்த கிளையன்ட்டுதுங்க சார்" என்றேன். அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை.

நேரத்தைத் தின்கிற சாமான், மிச்சப்படுத்துகிற சாமான் என்று இரண்டு உண்டு. கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், இதில்தான் ஆரம்பத்தில் பணத்தையும் நாளையும் தொலைத்தேன்.

முதலில் டிஃபன் டப்பா. அதுதான் ஈரத் தட்டு. அடியில் பாத்திரம் துடைக்கும் ஸ்பாஞ்சுத் துணியை நனைத்து விரித்து, அதன்மேல் கேக் சுடும்போது தட்டில் போடுகிற பேக்கிங் பேப்பர். மெழுகு பூசிய பேப்பர் வேண்டாம், ஈரம் மேலே வராது. இந்தப் பேப்பர்மேல் வைத்த பெயிண்ட், மூடி போட்டு வைத்தால் இரண்டு மூன்று நாள் காயாமல் இருக்கும். சாதாரணத் தட்டில் சித்திரை மாதம், ஃபேன் ஓடும்போது, பிரஷ் பொம்மைக்குப் போவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்தினால் நாம் காய்ந்துவிடுவோம். ஈரத் தட்டு வந்தபிறகு ஒவ்வொரு தடவையும் புதிதாக பெயிண்ட் எடுக்கிற வேலையே குறைந்தது. ஒரே ஆபத்து, நாற்றம். நான்கு நாள் மறந்துவிட்டால் ஸ்பாஞ்சு ஊளை வாடை அடிக்கும். அப்படி ஒருநாள் அத்தை திறந்து பார்த்து, "டப்பா என்னமோ நாறுச்சு அம்மிணி, நல்லாத் தேச்சுக் கவுத்து வெச்சுட்டேன்" என்றார்கள். கலந்து வைத்திருந்த மூன்று நிறமும் சாக்கடையில். தப்பு என்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்பாஞ்சைக் கழுவுகிறேன். தண்ணீரில் ஒரு துண்டு செம்பு போட்டால் பூஞ்சை வராது என்று பலர் போடுகிறார்கள், நானும் போட்டு வைத்திருக்கிறேன், ஆனாலும் கழுவுவதை விடவில்லை. உலோக நிறங்களை மட்டும் இந்த டப்பாவில் வைக்காதீர்கள். மினுக்குத் துகள் எல்லா நிறத்திலும் ஏறிவிடும். அவற்றுக்கு ஒரு பழைய மூடி, தனித் தண்ணீர்.

பிரஷ் விஷயத்தில், பொம்மை சின்னது என்பதால் பிரஷ்ஷும் மயிரிழையாக இருக்க வேண்டும் என்று நினைத்து நம்பர் 000 வாங்கினேன். அதில் பெயிண்ட் நிற்கவே நிற்காது, ஒரு கோடு இழுப்பதற்குள் காய்ந்துவிடும், திரும்பத் திரும்பத் தோய்க்க வேண்டும். நம்பர் 1, நம்பர் 2, நுனி கூராக இருந்தால் கண்ணே வரையலாம். நேரம் பாதியாகும். என்னிடம் கோலின்ஸ்கி முடி பிரஷ் ஒன்று இருக்கிறது, சைபீரிய மரநாய் வகை விலங்கின் வால் முடி. பிறந்தநாளுக்குத் தம்பி கொடுத்தது. அதை நுணுக்க வேலைக்கு மட்டும் எடுப்பேன். மற்றதெல்லாம் ஸ்டேஷனரி கடை சிந்தெடிக். 'கீரிமுடி பிரஷ் இருக்கு, ரொம்ப நல்லா இருக்கும்' என்று யாராவது எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். கீரி 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. அந்த பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். ட்ரைபிரஷ்ஷுக்கு என் பழைய கன்னப்பவுடர் பிரஷ் அருமையாக இருக்கிறது, உருண்டையாக, மெத்தென்று. பிரஷ்ஷை டம்ளரில் தலைகீழாக நிறுத்திவிட்டு அடுப்படிக்கு ஓடாதீர்கள், நுனி வளைந்துவிடும். உலோகக் கழுத்து வரை பெயிண்ட் ஏறாமல் பார்த்துக்கொண்டு, ராத்திரி குளியல் சோப்பில் ஒரு சுழற்று. நாக்கில் வைத்து நுனியைக் கூராக்கும் பழக்கம் பல பெயிண்டர்களுக்கு உண்டு. வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது, வேண்டாம்.

கைப்பிடிக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. மில்லில் நூல் சுற்றிய காகிதக் கோன் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். வீட்டுக்காரர் ஆறு கொண்டுவந்து கொடுத்தார். குறுகிய வாயில் ஒரு அட்டை வில்லை ஒட்டி, அதன்மேல் இரட்டைப்பக்க டேப், அதன்மேல் வீரன். பொம்மையை விரலால் தொட்டால் எண்ணெய் பட்டு பெயிண்ட் உரியும், மறுபடி பூச வேண்டும். கோன் வந்தபிறகு அந்த மறுவேலை போயிற்று. கோன் கிடைக்காத ஊரில் மருந்து பாட்டில்.

விளக்கு. மஞ்சள் பல்ப் கீழே ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு முகத்துக்கு மாநிறம் கொண்டுவந்தேன், காலையில் பார்த்தால் ஆளுக்கு மஞ்சள் காமாலை. 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்று, மேஜையில் கவ்விக்கொள்கிற மாதிரி. நாற்பதை நெருங்குகிறவர்கள் கண்ணையும் ஒருதரம் காட்டிவிடுங்கள். கை நடுங்குகிறது என்று நான் ஒரு வருஷம் நினைத்தது கண்ணாடிப் பவர்.

அப்புறம் ப்ரைமர். பிளாஸ்டிக்கில் நேராக அக்ரிலிக் பிடிக்காது, அதனால் அடியில் ஒரு பூச்சு வேண்டும். எல்லோரும் ஸ்ப்ரே டப்பாவில் அடிக்கச் சொல்வார்கள், ஐந்து நிமிஷத்தில் பத்து பேர் முடிந்துவிடும் என்று. நானும் மொட்டைமாடியில் அடித்தேன், ஆடி மாதம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊர்க்காரர்களுக்குப் பழமொழி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் வாழும் எங்களுக்கு அது வானிலை அறிக்கை. வீரர்கள்மேல் பாதி விழுந்தது. மீதி, அத்தை காயப்போட்டிருந்த மோர்மிளகாய்மேல் விழுந்தது. அந்த வாரம் நான் தாம்பாளத்தைத் தொடவில்லை. இப்போது பிரஷ்ஷால் பூசும் ப்ரைமர்தான். மெதுவானதுதான், ஆனால் மழை, காற்று, ஈரப்பதம் எதையும் கேட்க வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கும் பூசலாம். நேரம் குறைவாக இருக்கிறவர்களுக்கு வேகம் முக்கியமில்லை, நினைத்த நேரத்தில் செய்ய முடிவதுதான் முக்கியம். கடைசியில் பூசும் மேட் வார்னிஷுக்கும் இதே கதைதான்.

பெயிண்ட் பற்றிக் கொஞ்சம். ஸ்பெயின் நாட்டு வல்லெஹோ பாட்டில்கள் சொட்டுச் சொட்டாக விழும் மூக்கோடு வரும், ஈரத் தட்டுக்கு வசதி. சிட்டடெல் டப்பாக்கள் மூடி திறந்து முக்குகிற வகை, அவசரத்தில் விளிம்பில் காய்ந்து இறுகிவிடும். உள்ளூர் கேம்லின் அக்ரிலிக்கை அடித்தட்டுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்திருக்கிறேன், 28 மில்லிமீட்டர் முகத்துக்குக் கொஞ்சம் தடிமன். 2019இல் சிட்டடெல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வகை ஒரே கோட்டில் நிறத்தையும் நிழலையும் சேர்த்துத் தருகிறது. போர்வை, தோல் பை, உரோமம் மாதிரி மடிப்பும் சுருக்கமும் உள்ள இடத்தில் அற்புதம். தட்டையான கேடயத்தில் குளம் குளமாகத் தேங்கி அசிங்கமாகும். 'இது ஏமாத்து வேலை' என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். அவர்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

முதல்முறை ஆரம்பிப்பவர்கள் எலும்புக்கூட்டிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. ஐந்து பேரை நான் நான்கு அமர்வில் முடிக்கிறேன், ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிஷம், வெட்டி ஒட்டி ப்ரைமர் பூசியது தனிக்கணக்கு. முதல் அமர்வில் வெள்ளை ப்ரைமர்மேல் எலும்பு நிறம், தண்ணீர் கலந்து பால் பதத்தில், இரண்டு மெல்லிய கோட். குக்கர் கணக்கு இதற்கும்தான். இரண்டாவதில் உடம்பு முழுக்கப் பழுப்பு வாஷ், போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான். மூன்றாவதில் ட்ரைபிரஷ்: எலும்பு நிறத்தைவிட வெளிர் நிறம் கொஞ்சம் தொட்டு, துணியில் துடைத்து, பிரஷ்ஷில் பெயிண்டே இல்லை என்று தோன்றும்போது மேலே தேய்க்க வேண்டும். விலா எலும்பும் மண்டையோடும் தானாக எழுந்து வரும். எனக்கு இன்னமும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வருகிற இடம் இது. நான்காவதில் வாள், கேடயம், கந்தல் துணி. கண் வரைய வேண்டியதில்லை, கண் இருந்த குழிதான் இருக்கிறது. ஐந்துக்குமேல் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். பத்து பேரை வரிசையில் வைத்தால் நாள் முழுக்க ஒரே பெல்ட் நிறம் அடித்துக்கொண்டு, மில்லில் ஷிஃப்ட் பார்க்கிற மாதிரி ஆகிவிடும்.

முடிக்காமல் அடுத்த பெட்டி வாங்குவதும் நேரப் பிரச்சினைதான், பணப் பிரச்சினை மட்டுமல்ல. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் அலமாரியில் குவியக் குவிய உட்காரவே பயமாக இருக்கும். எங்கள் வீட்டில் சட்டம், பத்தில் எட்டு முடிந்தால்தான் அடுத்தது. ஒருதரம் மீறினேன். அதைப் பற்றி வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

அவரோடு போட்ட ஒப்பந்தம் எளிது. பகல் ஷிஃப்ட் வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் அவர் ஷட்டில் ஆடப் போவார், பிள்ளைகளை நான் பார்ப்பேன். புதனும் சனியும் ஒன்பதிலிருந்து பத்து வரை எனக்கு. தூங்க வைப்பது, அழுகை, "அம்மா தண்ணி" எல்லாம் அவர் பொறுப்பு. வாய்ப்பேச்சாக இருந்தவரை இது நடக்கவில்லை, 'ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன்' என்று ஆரம்பித்துவிடுவார். காலண்டரில் எழுதி மாட்டினேன். நைட் ஷிஃப்ட் வாரத்தில் ஒப்பந்தம் கிடையாது, அந்த வாரம் குக்கர் விசில் மட்டும்தான்.

அத்தையோடு ஒப்பந்தம் பேசி வரவில்லை. வீட்டில் மண்டையோட்டை வைக்கிறாளே என்று முதலில் வருத்தம், அமங்கலம் என்று. பூஜை அலமாரி பக்கம் எலும்பு வரக்கூடாது என்றார்கள், சரி என்றேன். அந்த வருஷம் நவராத்திரிக்கு மூன்று படி கொலு எடுத்து வைக்கும்போது, அவர்கள் அம்மா கொடுத்த செட்டியார் பொம்மையின் மூக்கு உதிர்ந்து, வேட்டிக்கரை அழிந்து போயிருந்தது. களிமண் பொம்மை, என் வீரர்களைவிட ஆறேழு மடங்கு பெரியது, எனக்கு அது விளையாட்டு மாதிரி. இரண்டு ராத்திரி. மூக்கைப் புட்டியால் எடுத்து, கரைக்கு மெல்லிய கோடு இழுத்து, கடையில் இருக்கிற பருப்புக் குவியலுக்கு வாஷ் போட்டு ட்ரைபிரஷ் அடித்தேன். துவரம்பருப்பு துவரம்பருப்பாகவே தெரிந்தது. அதற்கப்புறம் சாயங்காலம் நான் தாம்பாளத்தை இறக்கினால், "நீ பாரு கண்ணு, ரசத்துக்கு நான் புளி கரைக்கிறேன்" என்கிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக் கொலு பொம்மைகளுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். செப்டம்பர் ஆடிட் கடைசியில், அது வேறு தலைவலி.

பிள்ளைகள். பையனுக்கு இரண்டு விரல் ஃபெவிகுயிக்கில் ஒட்டிக்கொண்ட சாயங்காலத்தை மறக்க மாட்டேன். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்தோம், வந்துவிட்டது. அன்றிலிருந்து கத்தி, நிப்பர், பசை மூன்றும் அவன் தூங்கிய பிறகுதான், பூட்டிய பெட்டியில்தான். பெயிண்ட் அடிக்கும்போது மட்டும் அவனும் இருக்கலாம். அவனைத் தள்ளி வைக்கிற நேரத்தைவிட அவனுக்கும் ஒரு கோன், ஒரு எலும்புக்கூடு, ஒரு கேம்லின் டப்பா கொடுத்து உட்கார வைக்கிற நேரம் குறைவு. அவனுடைய வீரன் ரோஸ் நிறம், முழுக்க. அதைச் சரிபண்ணக் கை துறுதுறுத்தது, பண்ணவில்லை. பெண் அடித்தட்டு வேலை முழுக்க எடுத்துக்கொண்டுவிட்டாள். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பூசி, சலித்த மணல், காயவைத்த டீத்தூள் சக்கை, பொள்ளாச்சியில் பெரியப்பா வீட்டிலிருந்து வந்த தென்னை நார்த்தூள் எல்லாம் தூவுகிறாள். டீச்சக்கை காய்ந்த இலைச்சருகு மாதிரியே இருக்கும். நன்றாகக் காயவில்லையென்றால் பூஞ்சை பிடிக்கும், அதை அவள் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

கடைசியாக அந்தத் துண்டுச் சீட்டு. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து போவதற்கு முன், அடுத்து என்ன என்று பழைய வவுச்சர் பின்பக்கம் ஒரு வரி எழுதித் தாம்பாளத்தில் போட்டுவிடுவேன். காய்ச்சல், கல்யாணம், ஆடிட் என்று மூன்று வாரம் போய்விட்டாலும், திரும்பி வரும்போது யோசிக்க வேண்டாம், சீட்டைப் பார்த்துக் கையை வைக்கலாம். இதே காரணத்துக்காக நிறத்தைக் கலந்து உண்டாக்குவதைக் குறைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதே கலவை வராது, பாட்டிலில் இருக்கிற நிறம் எப்போதும் வரும். சீட்டில் பாட்டில் பெயரை எழுதுங்கள், 'பழுப்பு' என்று மட்டும் எழுதாதீர்கள். என்னிடம் ஏழு பழுப்பு இருக்கிறது.

இப்போது தாம்பாளத்தில் இருக்கிற சீட்டில் இருப்பது இது: "3பி முடிந்ததும் – 1, 2 வாள் விளிம்பு. 4க்கு வாஷ் இரண்டாம் தடவை வேண்டாம். 5 கேடயத்தில் பையன் ரோஸ் பொட்டு வைத்திருக்கிறான், அழிக்குமுன் கேட்கவும்."